லேப்டாப் ப்ராசசர் 95 டிகிரிக்குப் போகிறது. கடையில் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். கோளாறு எங்கே என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அதுவரை மதர்போர்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கும் இதே கதைதான். இன்டெல் ஐ5-8250யு போட்ட லேப்டாப். கத்திரி வெயில் நேரத்தில் வீடியோ காலுக்கே ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும், பத்து நிமிஷத்தில் எல்லாம் திக்கித் திணறும். ஒரு சர்வீஸ் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு சார்" என்றார்கள். கடைசியில் எனக்கு ஆன செலவு ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ்.

95 என்ற எண்ணைப் பார்த்ததும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் என் ப்ராசசருக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பே 100 டிகிரி. அதைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெல்லிய லேப்டாப்பில் கேம், வீடியோ ரெண்டரிங் என்று பிழிந்தெடுக்கும்போது 90 வரை போவது சகஜம். சும்மா இருக்கும்போதே 75 காட்டினால்தான் விசாரிக்க வேண்டும். அப்போதும் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பின்னால் எது ப்ராசசரைத் தின்கிறது என்று பாருங்கள்.

நான் பார்ப்பது சூடு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதைத்தான். ஹெச்டபிள்யூ-இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள் (லினக்ஸ் என்றால் டெர்மினலில் சென்சார்ஸ் கட்டளை போதும்). பத்து நிமிஷம் லேப்டாப்பைச் சும்மா விடுங்கள். பிறகு ப்ராசசரை முழுமூச்சாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துங்கள். சூடு, கிளாக் வேகம் (ப்ராசசர் ஓடும் வேகம்), ஃபேன் சுற்று மூன்றிலும் கண் இருக்கட்டும். காற்று வெளியே வரும் இடத்தில் ஒரு கையையும் வையுங்கள்.

ஆரம்பித்த ஓரிரு வினாடியில் 95, நிறுத்திய அடுத்த வினாடியே 60 என்று விழுந்தால், ப்ராசசர் சில்லின் சூடு, அதை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க் ஸ்க்ரூ சரியாக உட்காரவில்லை. காற்று நன்றாக வரும், ஆனால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இதில் ஏமாற ஒரு இடம் உண்டு: 15 வாட் என்று பெயர் போட்ட சில்லு, டர்போவில் (வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டிக்கொள்ளும் முறை) சில வினாடிகளுக்கு அதைப்போல இரண்டு மடங்குகூட இழுக்கும். நல்ல லேப்டாப்பிலும் அப்போது ஒரு துள்ளல் தெரியும். அதனால் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசசரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதமாக வையுங்கள், டர்போ நின்றுவிடும். அப்படியும் நொடியில் 90-ஐத் தொட்டால் பேஸ்ட் அல்லது ஸ்க்ரூதான், சந்தேகமே வேண்டாம்.

ஐந்தாறு நிமிஷத்தில் மெதுவாக ஏறி, நிறுத்திய பிறகும் மெதுவாகவே இறங்கினால், காற்றும் கொஞ்சமாக, கை சுடும்படி வந்தால், அது தூசி. எனக்கு இதுதான். பின்மூடியைக் கழற்றினேன்; ஃபேன் பளிச்சென்று இருந்தது. ஏமாந்து மூடப் பார்த்தேன். பிறகு ஃபேனையும் கழற்றியபோதுதான் தெரிந்தது, ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பழைய போர்வையைக் கத்தரித்துச் சொருகியதுபோல ஒரு பட்டை. இரண்டு வருஷம் மெத்தைமேல் வைத்து வேலை பார்த்ததன் பலன். வெளியிலிருந்து புளோயர் அடித்திருந்தால் அந்தப் பட்டை திரும்ப ஃபேனுக்குள்தான் போயிருக்கும். (புளோயர் அடிக்கிறவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.) சுத்தம் செய்தபின் அதே சோதனையில் 97 இருந்தது 78-க்கு வந்தது.

ஃபேன் சுற்று 0 என்றே காட்டி லேப்டாப் பொசுக்கென்று அணைந்தால் ஃபேன் செத்துவிட்டது. ஃபேனை மட்டும் தனியாக மாற்றலாம்.

சூடு 55-தான், ஆனால் கிளாக் 800 அல்லது 400 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிட்டது என்றால் ப்ராசசர் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்டில் வேறு ஏதோ ஒன்று "சூடாகிவிட்டது" என்ற சிக்னலை ப்ராசசருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும், அல்லது லேப்டாப்புக்குச் சார்ஜரை அடையாளம் தெரியவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர் இரண்டு முறை பேஸ்ட் மாற்றிவிட்டுத்தான் தன் டூப்ளிகேட் சார்ஜரைச் சந்தேகப்பட்டார். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

சோதனையை ஒரே அறையில், ஒரே நேரத்தில் செய்யுங்கள். ஏசி அறையில் 26, மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் 38 என்றால், அந்த 12 டிகிரி வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே சில்லிலும் தெரியும். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு புத்தகத்தால் தூக்கி வைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். சட்டென்று குறைந்தால் அடியில் காற்று போக வழியில்லை என்று அர்த்தம்.

பேஸ்ட்தான் என்று முடிவானால்: முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலான ஹீட்சிங்கில் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் எண் இருக்கும். இறுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. லேப்டாப் சில்லுக்கு மேல்மூடி கிடையாது, அதனால் பேஸ்ட் முழுப் பரப்பிலும் மெல்லிசாகப் படியவேண்டும். பக்கத்துச் சில்லுகளின் மேல் ரப்பர் மாதிரி ஒட்டியிருக்கும் பேடைப் பிய்த்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் தடவாதீர்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. அந்தத் தவறுக்குத்தான் நிஜமாகவே மதர்போர்டு மாற்ற வேண்டிவரும்.