முகாம் பிள்ளைகளிடம் ஆய்வு: எதைக் கேட்பது, எதை விடுவது?

கேள்வி: சேலத்தில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். தாரமங்கலம் பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில், பதின்வயதுப் பிள்ளைகளிடம் 'போரின் மனப்பாதிப்பு' பற்றி ஆய்வு செய்ய ஆசை. கேள்வித்தாள் தயார். நேரே போய் ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அனுமதி. துறைத்தலைவரின் கடிதத்தோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இழுத்தடிக்கும்தான். அதற்குள் தலைப்பை மாற்றிவிடுங்கள்.

போர் முடிந்தது 2009இல். இன்று பத்தாவது படிக்கும் முகாம் பிள்ளை அதற்குப் பிறகு இங்கே பிறந்தது. அதனிடம் குண்டுச்சத்தம் பற்றிக் கேட்டு என்ன பயன்? பிளஸ் டூ முடித்தபின் என்ன என்பதுதான் அந்த வீட்டின் கவலை. அங்கேதான் குடியுரிமைக் கேள்வி வருகிறது. இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை என்பது 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்கு. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அம்மா ஓமலூர்க்காரர், அப்பா ஆவணமில்லாமல் படகில் வந்தவர் என்று வையுங்கள். சட்டத்தின் எழுத்துப்படி 2003இல் பிறந்த அக்கா இந்தியர், 2006இல் பிறந்த தம்பி இல்லை. ஒரே அடுப்பில் சாப்பிடும் இருவரையும் 'அகதி இளைஞர்' என்று ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் ஆய்வு அங்கேயே படுத்துவிடும். பிறந்த ஆண்டைக் கேளுங்கள். ஆவணங்களைக் காட்டச் சொல்லாதீர்கள்.

ஆண்கள் பலர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைதான் கிடைப்பார்கள். அதிகாரிகள் ஆள் சரிபார்க்க வரும் நாளில் மட்டும் போகாதீர்கள், முகாம் மக்கள் உங்களையும் அதிகாரிகள் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். 'இதனால் வீடோ குடியுரிமையோ கிடைக்காது' என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரிசை வீடுகளில் இங்கே பேசுவது பக்கத்து வீட்டில் கேட்கும். அதனால் எல்லார் கண்ணிலும் படுகிற, ஆனால் காதில் விழாத மரத்தடி நல்லது.

பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 12 வயதுக்கு மேல் பிள்ளையின் எழுத்துச் சம்மதமும் வாங்குங்கள். அப்புறம், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும்.

எழுதும்போது முகாமின் பெயரை விடுங்கள். பெயரை விட்டாலும், 'தாரமங்கலம் பக்கத்து முகாமில் நர்சிங் படிக்கும் பெண்' என்றால் அங்கே எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஊரையும் படிப்பையும் மாற்றியே எழுதுங்கள்.