மூழ்கிய கப்பலில் கிடைக்கும் பொருள் யாருக்குச் சொந்தம்: கண்டுபிடித்தவருக்கா, அரசுக்கா?

எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் நாலைந்து உண்டு. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அந்தக் காசுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. காரணம், சிட்டி ஆஃப் கெய்ரோ என்ற பிரிட்டிஷ் கப்பல்.

1942 அக்டோபரில் அது பம்பாயிலிருந்து கிளம்பியபோது உள்ளே சுமார் 100 டன் வெள்ளி ரூபாய் இருந்தது. பிரிட்டனுக்குப் போக வேண்டிய சரக்கு. நவம்பர் 6 அன்று இரவு, செயின்ட் ஹெலினா தீவுக்குத் தெற்கே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அதை டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. தப்பியவர்கள் சிறு படகுகளில் வாரக்கணக்கில் தத்தளித்தார்கள், பலர் படகிலேயே இறந்தார்கள். காசு 5,150 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது.

2013இல் ஒரு தனியார் நிறுவனம் அவ்வளவு ஆழத்துக்கு ரோபோ இறக்கி, டன் கணக்கில் காசை அள்ளி மேலே கொண்டுவந்தது. வெள்ளி பிரிட்டன் கருவூலத்துடையது என்பதால் ஒப்பந்தமும் பிரிட்டன் அரசோடுதான். நிறுவனத்துக்கு ஒரு பங்கு. அப்புறம் அந்த ரூபாய்களை பிரிட்டனில் உருக்கி விற்றுவிட்டார்கள். மதிப்பு சுமார் 3.4 கோடி பவுண்டு. கப்பல் கிடந்த கடலடியில் ‘மரியாதையோடு இங்கே வந்தோம்’ என்று ஒரு பலகையையும் விட்டுவிட்டு வந்தார்களாம். நல்ல மரியாதை!

சட்டப்படி இதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு உறுத்துவதே அதுதான்.

இன்னொரு வழக்கு நேர் எதிராக முடிந்தது. நுயெஸ்த்ரா செனோரா டெ லாஸ் மெர்செடெஸ் என்ற ஸ்பானியப் போர்க்கப்பல் 1804 அக்டோபர் 5 அன்று, பிரிட்டிஷ் கப்பல்கள் வழிமறித்துச் சுட்டதில், போர்ச்சுகல் கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. அப்போது இரு நாடுகளுக்கும் இடையே போரே இல்லை. தியேகோ டெ அல்வெயர் என்ற அதிகாரி பக்கத்துக் கப்பலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் மனைவியும் பிள்ளைகளும் அந்த வெடிப்பில் போனார்கள். 2007இல் ஒடிஸி என்ற அமெரிக்க நிறுவனம் அங்கிருந்து ஏறக்குறைய 6 லட்சம் காசுகளை, 17 டன், எடுத்து ஃப்ளோரிடாவுக்குப் பறந்தது. ஸ்பெயின் வழக்குப் போட்டது. காசில் பெரும்பகுதி தனி வியாபாரிகளுடையது, ஆகவே இது வியாபாரப் பயணம் என்று ஒடிஸி வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்னொரு நாட்டின் போர்க்கப்பல் மீது அமெரிக்க நீதிமன்றம் கைவைக்க முடியாது, சரக்கைக் கப்பலிலிருந்து பிரித்துப் பார்க்கவும் முடியாது என்றது. 2012இல் இரண்டு ராணுவ விமானங்களில் எல்லாம் ஸ்பெயினுக்குப் போனது. இப்போது கார்த்தஹீனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒடிஸிக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை.

கண்டுபிடித்தவருக்குச் சொந்தமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் செலவும் துணிச்சலும் பெரிதுதான், அதற்குக் கூலி பேசி வாங்கட்டும். பொருளில் பங்கு என்று ஆகிவிட்டால் வெள்ளி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பெட்டியின் பலகை, சமையல் பாத்திரம், எலும்பு எல்லாம் குப்பை.

ஆனால் அரசுக்கு என்றால், எந்த அரசுக்கு? மெர்செடெஸ் காசில் பெரும்பாலானவை பெருவின் லிமா நகரில் அச்சானவை. எங்கள் மண்ணின் வெள்ளி என்று பெருவும் கேட்டது, கிடைக்கவில்லை. சட்டம் பார்ப்பது கப்பலின் கொடியைத்தான். வெள்ளியை வெட்டியெடுத்த கைகளுக்கு அங்கே இடமில்லை. பம்பாய் ரூபாய்க்கும் அதே கதைதான்.

2001இல் யுனெஸ்கோ போட்ட உடன்படிக்கை, நூறு வருஷம் நீருக்கடியில் கிடந்ததை வியாபாரப் பொருளாக்கக் கூடாது என்கிறது. பொருளோடு வரலாற்றுத் தொடர்பு உள்ள நாடுகளின் குரலையும் கேட்கச் சொல்கிறது. எனக்கு அது பெரிதும் சரியாகப் படுகிறது. பிரிட்டன் அதில் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும், சிட்டி ஆஃப் கெய்ரோவுக்கு நூறு நிறைவது 2042இல்தான்.

என்னைக் கேட்டால், யார் பெயரில் இருந்தாலும் உருக்கவோ ஏலம் விடவோ கூடாது. லிமா காசில் ஒரு பகுதி லிமாவில் இருக்கட்டும். பம்பாய் ரூபாயில் நாலு பெட்டியை மும்பைக்கு அனுப்பியிருந்தால் பிரிட்டன் கருவூலம் ஒன்றும் காலியாகியிருக்காது.