கோவென்ட்ரி பழைய பேராலயத்துக்கு நிதி: ஒரு சாளரத்துக்காகக் கேளுங்கள்

வணக்கம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலுள்ள பழைய பேராலய இடிபாட்டுக்காக நண்பர்களோடு ஆறு மாதம் உண்டியல் ஏந்தியும் தொகை சேரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. ‘பேராலயத்தைக் காப்போம்’ என்ற உங்கள் வாசகம்தான் தடை என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் பத்து பவுண்ட் கொடுப்பவருக்கு அது கடலில் கரைத்த பெருங்காயமாகத்தான் தோன்றும்.

ஒரே ஒரு சாளரத்தைக் காட்டிக் கேளுங்கள். 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் கூரை எரிந்துபோனது. அன்றுமுதல் சுவர்த்தலைகள் மழையில் நனைகின்றன. கல் இணைப்புகளில் இறங்கும் நீர் குளிரில் உறைந்து, விரிந்து, மென்மையான செம்மணற்கல்லை உதிர்க்கிறது. அந்தச் சாளரத்தின் சுவரடியில் விழுந்து கிடக்கும் சிவப்புத் தூளை உள்ளங்கையில் ஏந்திப் படமெடுங்கள். பத்துப் பக்க விளக்கத்தைவிட அது பேசும்.

பேராலய நிர்வாகத்தின் அனுமதியும், பழங்கட்டடப் பராமரிப்பில் தேர்ந்த கட்டடக் கலைஞரின் மதிப்பீட்டு அறிக்கையும் இல்லாமல் இனி ஒரு பைசாகூட வசூலிக்காதீர்கள். பணம் பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாகப் போகட்டும். வருமான வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் என்ற நன்கொடை வரிச்சலுகைப் படிவம் கொடுத்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். பலர் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்!

பாரம்பரியச் சின்னங்களுக்கு மானியம் தரும் தேசிய லாட்டரி பாரம்பரிய நிதியத்தை அணுகும்போது, உலக நினைவுச்சின்ன நிதியம் 2012-இல் இந்த இடிபாட்டைத் ஆபத்திலுள்ள சின்னங்களுக்கான தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்ததைக் குறிப்பிடுங்கள். விண்ணப்ப வரைவை இங்கே இடுங்கள், வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.