5432 திறக்கிறது, 6432 மறுக்கிறது

கேள்வி: எங்கள் மருந்துக்கடைகளின் இருப்புக் கணக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதன் முன்னால், இணைப்புகளை வாங்கிப் பகிர்ந்து அனுப்பும் இடைநிலை மென்பொருளான பிஜிபவுன்சர் நிற்கிறது. சென்ற மாதம் போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பிலிருந்து 16க்கு மாறினோம், எல்லாம் ஓடியது. பிறகு கணக்குப் பிரிவின் பயனருக்குப் பழைய கடவுச்சொல்லையே மறுபடி பதிந்தோம். அன்று முதல் அந்தப் பயனரால் மட்டும் பிஜிபவுன்சரின் 6432 என்ற போர்ட் வழியே நுழைய முடியவில்லை. தரவுத்தளத்தின் 5432 போர்ட்டில் நேராக நுழைகிறார். ‘சர்வர் லாகின் ஃபெயில்டு: ராங் பாஸ்வேர்டு டைப்’ (கடவுச்சொல்லின் வகை தவறு) என்று வருகிறது. கடவுச்சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லையே?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்தச் செய்தியின் முதல் சொல்லைப் பாருங்கள்: ‘சர்வர்’. உங்கள் மென்பொருள் பிஜிபவுன்சருக்குள் நுழைந்துவிட்டது. பிஜிபவுன்சர்தான் தரவுத்தளத்துக்குள் நுழைய முடியாமல் நிற்கிறது. அதன் பதிவேட்டில் ‘சி’ என்று தொடங்கும் வரிகள் முதல் வாசலையும் (மென்பொருளிலிருந்து பிஜிபவுன்சருக்கு), ‘எஸ்’ என்று தொடங்குபவை இரண்டாம் வாசலையும் (பிஜிபவுன்சரிலிருந்து தரவுத்தளத்துக்கு) சொல்லும். நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

கடவுச்சொல் மாறவில்லை, அதைச் சேமிக்கும் முறை மாறிவிட்டது. 14ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் புதிதாகப் பதியும் கடவுச்சொற்களை, எம்டி5 என்ற பழைய மறைப்பு முறைக்குப் பதிலாக, இயல்பாகவே ஸ்க்ராம்-ஷா-256 என்ற வலுவான முறையில் வைக்கிறது. பழையவற்றை அது தொடுவதில்லை; மற்றவர்கள் தப்பியது அதனால்தான். பிஜிபவுன்சர் பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் படிக்கும் யூசர்லிஸ்ட் கோப்பில் இன்னும் எம்டி5 சுருக்கம்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஸ்க்ராம் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

பிஜிபவுன்சர் 1.14 அல்லது அதற்குப் பிந்தையதா என்று முதலில் பாருங்கள். பிறகு தரவுத்தளத்தின் பிஜி_ஆத்ஐடி அட்டவணையில் அந்தப் பயனருக்குரிய நீண்ட ஸ்க்ராம் சரத்தை அப்படியே நகலெடுத்து யூசர்லிஸ்ட்டில் வையுங்கள். பிஜிபவுன்சரின் நிர்வாக முனையத்தில் ‘ரீலோட்’ கொடுங்கள், போதும்.

‘அப்படியே’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரே கடவுச்சொல்லை மறுபடி பதிந்தாலும் ‘சால்ட்’ எனப்படும் சீரற்ற துண்டு புதிதாகக் கலக்கப்பட்டு வேறொரு சரம் பிறக்கும். இரண்டு இயந்திரங்களில் தனித்தனியே கடவுச்சொல் வைத்துவிட்டு, ஒன்று மட்டும் ஏன் மறுக்கிறது என்று ஓர் இரவு முழுவதும் தேடியிருக்கிறேன். அப்படி இரண்டு இருந்தால், ‘ஆல்டர் ரோல்’ கட்டளையில் கடவுச்சொல்லின் இடத்தில் அந்தச் சரத்தையே கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் அதை மாற்றாமல் ஏற்றுக்கொள்ளும்.

பயனர்கள் பெருகினால், கடவுச்சொல் சரங்களைக் கோப்பில் வைக்காமல் தரவுத்தளத்திலிருந்தே தேடி எடுக்கும் ‘ஆத்_குவெரி’ முறைக்கு மாறுங்கள். ஆனால் அந்தத் தேடலைச் செய்யும் ‘ஆத்_யூசர்’ என்ற பயனர் தானாகவே உள்ளே போக வேண்டியவர். தரவுத்தளம் அவரிடம் ஸ்க்ராம் கேட்டால் சரம் மட்டும் போதாது, உண்மையான கடவுச்சொல்லே கோப்பில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பை பிஜிபவுன்சரின் கணக்கு தவிர வேறு யாரும் படிக்க விடாதீர்கள்.

அவசரத்தில் யாராவது ‘டிரஸ்ட்’ என்று மாற்றச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடும். யார் எந்த மருந்து வாங்குகிறார் என்பதும் உங்கள் தரவுத்தளத்தில் இருக்கக்கூடும்.