தின்னர் மணமும் குசினி நெருப்பும்

கேள்வி: டொக்டர், என் கணவருக்கு 36 வயது. வீட்டு வளவுக்குள்ளேயே கொட்டில் போட்டு வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறார். பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைப் புதுசாக்கித் தருவார் என்று தூர இடங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கொஞ்ச நாளாகப் பின்னேரமானால் தலையிடியும் ஓங்காளமும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுகமாக இருக்கிறார். கைகள் வெடித்துப்போய்க் கிடக்கின்றன. மழை நாளில் குசினிக்குப் பக்கத்துப் பத்தியில் வைத்துத்தான் பெயின்ற் கலக்கிறார். தின்னர் டின்னும் அங்கேதான். அன்றாடப் பாவனைக்குக் கொஞ்சம் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருப்பார். பால் குடித்தால் மணம் நெஞ்சில் தங்காது என்று தினமும் ஒரு கோப்பை குடிக்கிறார். நான் இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. மூத்தவனுக்கு மூன்று வயது. எங்களுக்கும் ஏதும் வருமா?
(வாசகி, சுன்னாகம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் தலையிடியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது 'குசினிக்குப் பக்கத்துப் பத்தி' என்ற இடத்தில். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் அடுப்பை அணைத்துவிட்டு, அந்த டின்னையும் போத்தலையும் கணவரைக் கொண்டு அங்கிருந்து எடுப்பியுங்கள். நீங்கள் தூக்க வேண்டாம். மீதியை அதற்குப் பிறகு வாசிக்கலாம்.

யாழ்ப்பாணத்தவர்களான எங்களுக்கு மண்ணெண்ணெயோடு நீண்ட பழக்கம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தப் பழக்கத்தில் தின்னரையும் அதேபோல ஒன்றென்று நினைக்கிறோம். மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேலே போனால்தான் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். தின்னர் என்பது தொலுயீன், சைலீன், அசெற்றோன் போன்றவற்றின் கலவை. தொலுயீனுக்கு அந்த எல்லை வெறும் 4 பாகை. அசெற்றோனுக்கு பூச்சியத்துக்கும் கீழே, ஏறக்குறைய 20 பாகை. மார்கழிப் பனியில்கூட எங்கள் ஊர் அவ்வளவு குளிராது. ஆகவே திறந்த தின்னர் டின் எந்த நாளும், எந்த நேரமும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது.

அடுத்தது, அந்த ஆவி மேலே போகாது. தொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு பாரம். ஊற்றிய தண்ணீரைப்போல நிலத்தோடு படர்ந்து, கதவு இடுக்கால் நுழைந்து, பள்ளமான இடத்தில் தேங்கும். பத்தியில் கலக்கும் பெயின்ற்றின் ஆவி பத்தடி தள்ளியிருக்கும் விறகடுப்புக்குத் தானாகவே நடந்து போய்விடும். அங்கே பிடித்த நெருப்பு வந்த வழியே டின்னுக்குத் திரும்பி ஓடிவரும். ஒரு லீற்றர் தொலுயீன் முழுவதும் ஆவியானால் 230 லீற்றருக்கு மேல் ஆவி கிடைக்கும். காற்றில் 100க்கு ஒரு பங்கைச் சற்றுத் தாண்டினாலே அது பற்றும். 10 அடிக்கு 10 அடி அறை ஒன்றை நிரப்ப அந்த ஒரு லீற்றரே ஏறக்குறையப் போதும்.

பல வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒருவரை மறக்க முடியவில்லை. மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் வைத்துத் தின்னர் கலந்தவர். 'என் கையில் நெருப்பே இல்லையே ஐயா' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். மனைவி அடுத்த அறையில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியிருக்கிறா. அவருடைய காயங்களைப் பார்த்தபோதே நடந்தது விளங்கியது. விரல்களில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பாதத்திலிருந்து முழங்கால் வரை தோல் உரிந்திருந்தது, சாரத்தின் கரை கருகித் தசையோடு ஒட்டியிருந்தது. நெருப்பு நிலத்தோடுதான் வந்திருக்கிறது.

விறகடுப்பு மட்டுமல்ல, சாமி அறை விளக்கு, காஸ் அடுப்பு, மின்சுவிச்சு, குளிர்சாதனப் பெட்டி, கம்பிரசர் மோட்டர் எல்லாமே பொறி விடக்கூடியவை. மணம் போகட்டும் என்று மூடிய அறைக்குள் ஃபானைப் போடுவதும் ஆபத்து. கலப்பதும் அடிப்பதும் இரண்டு பக்கம் திறந்த கொட்டிலில் நடக்கட்டும். கம்பிரசர் தள்ளி வெளியே நிற்கட்டும். சோளகம் வீசும் மாதங்களில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் ஆவி முகத்தில் படுவது குறையும். ஆனால் அது போய்ச் சேரும் பக்கத்தில் உங்கள் குசினி இருக்கக் கூடாது. மழை நாளில் வேலையை ஒத்திவைக்கச் சொல்லுங்கள். கார்க்காரர் இரண்டு நாள் பொறுப்பார்.

இனி அவருடைய தலையிடி. கிழமை நாட்களில் பின்னேரம் வந்து ஞாயிறு மறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி பாதி நோயறிதலைச் செய்துவிட்டது. இந்த ஆவி சுவாசப்பையால் இரத்தத்துக்குப் போய், கொழுப்பு அதிகமுள்ள மூளையில் தங்குகிறது. தலையிடி, ஓங்காளம், இலேசான வெறி, சில வேளை காரணமில்லாத கோபம் எல்லாம் அதனால் வருபவை. இப்போதே குறைத்துக்கொண்டால் இவை மாறிவிடும். வருடக்கணக்காகத் தொடர்ந்தால் ஞாபகமறதி வரும். இரைச்சலும் சேரும்போது காது மந்தமாகும். நிறங்களைப் பிரித்தறியும் திறனும் குறையலாம். ஐம்பது வருடப் பழைய காரின் நிறத்தைக் கண்ணாலேயே பார்த்துக் கலக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

மூக்கை நம்பக் கூடாது. சிறிது நேரத்தில் மூக்குக்குப் பழகி மணம் தெரியாமல் போய்விடும், ஆவி மட்டும் அப்படியே இருக்கும். பால் நல்ல உணவு, குடிக்கட்டும். ஆனால் அது இரைப்பைக்குப் போகிறது, ஆவி போவதோ சுவாசப்பைக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை. முகத்தில் துவாய் கட்டுவதும், கொரோனா காலத்து மாஸ்க் போடுவதும் தூசுக்குத்தான். ஆவி அவற்றினூடே தாராளமாகப் போகும். இரசாயன ஆவிக்கென்று கரி நிரப்பிய வடிகட்டி பூட்டும் இறப்பர் முகமூடி இருக்கிறது, அதுதான் வேண்டும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பெட்டியில் மூடி வைக்க வேண்டும். திறந்து கிடந்தால் கரி சும்மாவே ஆவியைக் குடித்துத் தீர்ந்துவிடும். போட்டிருக்கும்போது மணம் தெரிந்தால் அன்றே வடிகட்டியை மாற்ற வேண்டும். ஹார்ட்னர் சேர்த்து அடிக்கும் 2கே பெயின்ற் என்றால் விஷயம் வேறு. அது கடும் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, அதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைத் தரும் முகமூடிதான் உண்மையான பாதுகாப்பு. இரவில் அவருக்கு இருமலோ இழுப்போ வந்தால் என்னிடம் மறைக்க வேண்டாம்.

கைகளைப் பற்றி ஒரு சந்தேகம். பெயின்ற் போக அவர் தின்னரிலேயே கை கழுவுகிறார், இல்லையா? கழுவிக் காய்ந்ததும் உள்ளங்கை சாம்பல் பூசியதுபோல வெளிறிக் கிடக்கும், பாருங்கள். தோலின் எண்ணெய்ப்பசை முழுவதையும் அது உருவி எடுத்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பெயின்ற் போகும். நேரம் எடுக்கும், ஆனால் கை மிஞ்சும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். வளவில் எப்போதாவது மணம் பட்டதை நினைத்து நித்திரை இழக்க வேண்டாம். குழந்தைக்குக் கேடு என்று தெளிவாகத் தெரிந்திருப்பது, தாய் தொடர்ந்து அதிகமாக இந்த ஆவியைச் சுவாசிக்கும்போதுதான். இருந்தாலும் பிரசவம் வரை கொட்டில் பக்கம் போக வேண்டாம். அவருடைய வேலை உடுப்பு கொட்டிலிலேயே கழற்றப்படட்டும், அவரே வெளியே உலரவிட்டுத் தோய்க்கட்டும். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

மூத்தவனை நினைத்தால்தான் அந்தச் சோடாப் போத்தல் எனக்கு அடுப்பைப்போலவே பயம் தருகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோடாப் போத்தலில் இருப்பது சோடாதான். தின்னர் அதன் சொந்த டின்னில், பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். தப்பித்தவறி ஒரு மிடறு போய்விட்டால் சத்தி எடுக்க வைக்கவே வேண்டாம். தொண்டைக்குள் விரல் விடுவதும் உப்புத் தண்ணீர் பருக்குவதும் எங்கள் வழக்கம். அப்படிச் சத்தி எடுக்கும்போது தின்னர் சுவாசப்பைக்குள் இறங்கிவிட்டால் ஆபத்து பல மடங்காகும். சில தின்னர்களில் மெதனோலும் இருக்கும். அது கண்பார்வையையே பறிக்கக்கூடியது. பிள்ளை சுகமாக விளையாடினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

தின்னர் பற்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே எரியும். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று கொட்டில் வாசலில் தொங்கட்டும். இல்லாதவரை இரண்டு வாளி மணலாவது இருக்கட்டும். உடுப்பில் பிடித்தால் ஓடக் கூடாது, நிலத்தில் விழுந்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் கிணற்றுத் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். பற்பசை, முட்டை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். ஒட்டிய துணியை இழுக்கவும் வேண்டாம்.

பாவித்து மிஞ்சிய தின்னரை வளவு மூலையில் ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். எங்களுடையது சுண்ணக்கல் நிலம், மேலே ஊற்றியது கிணற்றில் வந்து நிற்கும். கிணற்றில் எண்ணெய் கலந்தால் என்ன பாடு என்பதை, ஊர்க் கிணறுகளிலேயே எண்ணெய் கலந்ததைக் கண்ட சுன்னாகத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மிஞ்சியதை மூடிய டின்னில் தெளியவிட்டு, மேல் தெளிவை ஸ்பிறே துப்பாக்கி கழுவ எடுக்கலாம்.

கணவரை இந்தக் கிழமையே அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். நரம்புகளைச் சோதித்து, ஈரல், சிறுநீரகம், பொட்டாசியம் பார்க்கும் இரத்தப் பரிசோதனைகளும் செய்ய வேண்டும். வேலை நாளில், பின்னேரத்தில் போவது நல்லது, ஞாயிறு ஆறிய உடம்போடு போனால் வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது. என்ன தின்னர் என்று கேட்பார்கள். டின்னை ஓட்டோவில் தூக்கிக்கொண்டு போகாமல், அதன் லேபிளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் போங்கள்.