கமரா என்னைப் 'பராக்கு' எண்டு சொல்லுது, கம்பனி சம்பளத்தில வெட்டுது

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், கம்பனி ஒண்டில நாலு வருஷம் பத்து மாசமா டிரைவர். பெயர்களை எடுத்திட்டன். கம்பனி புதுசா ஒரு எலெக்ட்ரிக் ஜீப் எடுத்திருக்கு, ஹைவேல லேனைத் தானே பிடிச்சு, முன்னால போற வாகனத்துக்கு ஏத்த மாதிரி ஸ்பீடைக் கூட்டிக் குறைச்சு ஓடுற ரகம். ஸ்டியரிங் பக்கம் டிரைவர்ட கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிற கமரா ஒண்டு வாகனத்தோடயே வந்தது. அது காணாதெண்டு கம்பனி கண்ணாடியில இன்னொரு கமராவையும் பூட்டியிருக்கு. டிரைவர் கண்ணை மூடினா, ரோட்டை விட்டு வேற பக்கம் பார்த்தா அலாம் எண்டு பதிஞ்சு கம்பனிக்குப் போகும். இப்ப மாசா மாசம் எச்.ஆர்ல இருந்து ரிப்போர்ட், ஒரு அலாமுக்கு 500 ரூபா வெட்டு, போன மாசம் 23 அலாம், 11,500 ரூபா போயிட்டுது. அதுக்கு மேல, சதேர்ன் ஹைவேல கஹதுடுவ எக்ஸிட் கிட்ட முன்னால போன வானில மெதுவா முட்டினதுக்கு ஒரு வோர்னிங் லெட்டர், பம்பர் காசையும் நீயே கட்டு எண்ட கதை, கடைசியா இங்கிலீஷில ரெண்டு பக்க ஃபோம் ஒண்டைக் குடுத்து வெள்ளிக்கிழமைக்குள்ள சைன் வைக்கச் சொல்லியிருக்கினம். "சேர், ஹைவேல ஜீப் தானே ஓடினது, நான் எப்பிடிக் குற்றவாளி? என்ட முகத்தை இப்பிடி எடுக்கலாமோ?" எண்டு கேக்கிறார்.

தம்பி, முதல்ல உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லி முடிச்சிடுறன். ஜீப் தானா ஓடேல்ல, நீங்கள்தான் ஓடினீங்கள். லேன் பிடிக்கிறது, பிரேக் பிடிக்கிறது எல்லாம் உங்களுக்கு உதவி மட்டும்தான், அந்த ரகத்தை லெவல் 2 எண்டு சொல்லுவினம், அதில கண் ரோட்டில இருக்கவேணும், டிரைவர் எப்பவும் டிரைவர்தான். எங்கட மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டுச் சட்டம், அதுக்கு ஓட்டோபைலட் ஒண்டும் தெரியாது, ஸ்டியரிங்கில இருக்கிற ஆளைத்தான் தெரியும். அமெரிக்காவிலயும் இதுதான் நடந்தது. 2018 மார்ச் 18 அரிசோனாவில ஊபர் கம்பனி ஓட்டிப் பார்த்த தானியங்கிக் கார் ஒண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை அடிச்சுச் சாகடிச்சிட்டுது, உள்ளுக்க இருந்த கமராவில டிரைவர் கீழ குனிஞ்சு பார்த்துக்கொண்டிருந்தது பதிவாகி இருந்தது. வழக்கு டிரைவரில, 2023ல குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, கம்பனியில கிரிமினல் வழக்கு இல்லை. ஆனா அந்த நாட்டு விபத்து விசாரணைச் சபை 2019ல சொன்னதையும் கேளுங்கோ: டிரைவர்மாரைக் கம்பனி சரியாக் கவனிக்கேல்ல, அதுவும் ஒரு காரணம். இந்த ரெண்டாவது பாதியைத்தான் நாங்கள் பிடிக்கப் போறம்.

நீங்கள் வட்ஸ்அப்பில அனுப்பின ரிப்போர்ட் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தன். எச்.ஆர் ஆக்கள் கடைசிப் பெட்டியில இருக்கிற 23ஐ மட்டும்தான் பார்த்திருக்கினம் போல, அதுக்கு இடப்பக்கம் ஸ்பீட் எண்டு ஒரு நிரல் இருக்கு, அதில 9 இடத்தில பூச்சியம். பூச்சியம் எண்டா வாகனம் நிக்குது! சேர்மார் மீட்டிங்கில இருக்கேக்க நீங்கள் கார் பார்க்கில சீட்டைச் சரிச்சுக் கண்ணை மூடினதை "கண் மூடல்" எண்டு பதிஞ்சு ஒவ்வொண்டுக்கும் 500 வெட்டியிருக்கினம். இன்னும் ஆறு அலாம் பின்னேரம் அஞ்சேகாலுக்கும் ஆறுக்கும் இடையில, எல்லாம் மரைன் டிரைவ். அந்த நேரம் கடலில இருந்து வெயில் நேரா முகத்தில அடிக்கும், கண்ணைச் சுருக்காமல் ஓட்டுறவன் வெள்ளவத்தையில ஒருத்தனும் இல்லை, மெஷினுக்கு அது நித்திரை. பின்சீட்டில இருந்து பெரியவர் "ஏசியைக் குறைங்க" எண்டு சொல்ல நீங்கள் திரும்பினதும் "பராக்கு" கணக்கில வந்திருக்கெண்டு எழுதியிருக்கிறீங்கள், அதை வாசிச்சு நான் சிரிச்சிட்டன், குறை நினைக்காதீங்கோ.

ஆனா சிரிக்கேலாத வரி ஒண்டும் இருக்கு. வான் முட்டின அண்டைக்கு விடிய மூண்டு மணிக்குக் கட்டுநாயக்க எயார்போர்ட், ஆறு மணிக்குக் கொள்ளுப்பிட்டி, எட்டு மணிக்கு காலி டிரிப். அதுக்கிடையில "கொட்டாவி, களைப்பு" எண்டு அஞ்சு அலாம் கம்பனிக்குப் போயிருக்கு. அதாவது நீங்கள் களைச்சிருக்கிறீங்கள் எண்டு கம்பனிக்குத் தெரியும், தெரிஞ்சும் காலிக்கு அனுப்பியிருக்கு. உங்களுக்கு எதிராக் கொண்டு வாற ரிப்போர்ட்டே அவையளுக்கு எதிராவும் சாட்சி சொல்லும். 2025 மே 11 கொத்மலையில பஸ் பள்ளத்தில விழுந்து 20 பேருக்கு மேல செத்த பிறகு டிரைவர்மார்ட களைப்பைப் பற்றி நாடே கதைச்சது, தெரியாது எண்டு இனி ஒரு கம்பனியும் சொல்லேலாது.

சரி, காசு. சட்டம் அனுமதிச்ச கழிவுகளைத் தவிர முதலாளி சம்பளத்தில நினைச்ச மாதிரிக் கைவைக்க ஏலாது, உங்களுக்குக் கடை காரியாலயச் சட்டம் பொருந்தினாலும் சரி, சம்பளச் சபைச் சட்டம் பொருந்தினாலும் சரி, அலாமுக்கு 500 எண்டு எச்.ஆர் தானா ஒரு தண்டப் பட்டியல் எழுதி ஒட்ட ஏலாது. பே ஸ்லிப்பைக் கொண்டு நாரஹேன்பிட்டி லேபர் டிபார்ட்மென்டில முறைப்பாடு குடுங்கோ, இதுக்கு லோயர் தேவையில்லை. பம்பர் காசும் அப்பிடித்தான், விசாரணை இல்லாமல் தலையில கட்ட ஏலாது. வான்காரர் நட்டஈடு கேட்டு வந்தாலும் பயப்படாதீங்கோ, வேலை நேரத்தில டிரைவர் விட்ட பிழைக்கு முதலாளியும் பொறுப்பு எண்டது எங்கட ரோமன் டச்சுச் சட்டத்தில பழைய கதை, இன்ஷூரன்ஸும் அதுக்குத்தான் இருக்கு.

முகத்தை எடுக்கலாமோ எண்ட கேள்விக்கு 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. ஆளை அடையாளம் பிடிக்கிற முகத் தரவை அது விசேஷ வகையில வச்சிருக்கு, மெஷின் மட்டும் எடுத்த முடிவைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுற உரிமையும் அதில இருக்கு, கோரிக்கைக்குக் குறிச்ச நாளுக்குள்ள பதில் சொல்லவேணும், மீறினா ஒரு கோடி ரூபா வரைக்கும் தண்டம். வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முழுசா அமுலுக்கு வாற திகதி 2025 மார்ச் 18 எண்டு இருந்ததைக் கடைசி நேரத்தில தள்ளிப் போட்டவங்கள், அதால இதை மட்டும் நம்பி இறங்காதீங்கோ, லெட்டரில ஒரு பந்தியாப் போடுங்கோ, பலம் தொழில் சட்டத்தில இருக்கு. ஐரோப்பாவில 2024 ஜூலையில இருந்து புதுக் கார் எல்லாத்திலயும் நித்திரை எச்சரிக்கை கட்டாயம், அந்தச் சட்டத்திலயே அதின்ட தரவு வாகனத்தை விட்டு வெளியால மற்ற ஆக்களுக்குப் போகக்கூடாதெண்டு எழுதியிருக்கு. டிரைவரை எழுப்பத்தான் இந்தக் கமரா வந்தது, இங்க சம்பளம் வெட்டப் பாவிக்கினம்.

அந்த ஃபோமைச் சைன் பண்ண வேண்டாம். மாட்டேன் எண்டும் சொல்ல வேண்டாம். "எனக்கு விளங்கேல்ல, தமிழில தாங்கோ, வாசிச்சிட்டுச் சொல்லுறன்" எண்டு ஈமெயிலில ஒரு வரி போடுங்கோ, வாயால சொன்னா நாளைக்கு ஒருத்தரும் கேட்டதா ஞாபகம் வராது.

வெள்ளிக்கு முதல் ஒரு லெட்டர் பதிவுத் தபாலில போகவேணும், கொப்பி உங்களிட்ட இருக்கவேணும். அதில பெருசா ஒண்டும் இல்லை: 23 அலாமுக்கும் வீடியோ வேணும், ரெண்டு கமராவில எதில இருந்து வந்ததெண்டு சொல்லவேணும், முட்டின நாள் முழு வீடியோவையும் அழிக்காமல் வைக்கவேணும், வெட்டின காசு திரும்பி வேணும். வீடியோவைத் தான் முக்கியமாக் கேளுங்கோ, எண்ணிக்கையோட சண்டை பிடிக்காதீங்கோ. இந்தப் பெட்டிகள் துண்டு துண்டா அலாம் நேரத்து வீடியோவை மட்டும் அனுப்பிட்டு மிச்சத்தை மேல மேல எழுதி அழிச்சிடும், அதால ஒரு கிழமை பிந்தினாலும் வானில முட்ட முதல் என்ன நடந்தது எண்டது போயிடும். வான் சடன் பிரேக் போட்டதெண்டு சொல்லுறீங்களே, அதைக் காட்டப் போறதும் அந்த வீடியோதான்.

கோபத்தில சாவியை மேசையில எறிஞ்சிட்டு மட்டும் வராதீங்கோ. வந்தா "அவராத்தான் வேலையை விட்டவர்" எண்டு எழுதுவினம். இன்னும் ரெண்டு மாசத்தில உங்களுக்கு அஞ்சு வருஷம், 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்தில அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் பணிக்கொடை சட்டப்படி கிடைக்கும். இந்த வோர்னிங் லெட்டர் ஏன் இப்ப வந்ததெண்டு எனக்கும் ஒரு யோசினை இருக்கு, ஆனா அதை எழுத்தில வைக்க மாட்டன். மீறி நிப்பாட்டினா, ஒழுக்காற்றுக் காரணம் எண்டா ரெண்டாவது வேலை நாள் முடிய முதல் காரணத்தை எழுத்தில தரவேணும், நீங்கள் 6 மாசத்துக்குள்ள தொழில் நியாயமன்றத்துக்குப் போகவேணும், ஒரு நாள் பிந்தினாலும் கதவு பூட்டு. அங்க சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பார்க்கிறேல்ல, நியாயமா எண்டு பார்ப்பினம், ஸ்பீட் பூச்சியத்தில வெட்டின 9 அலாம் அங்க நல்லா எடுபடும்.

கடைசியில சின்ன எழுத்தில ஒண்டு கேட்டிருந்தீங்கள், மதியம் சாப்பிடேக்க கமராவுக்கு மேல பிளாஸ்டர் ஒட்டுறனான், அது பிழையோ எண்டு. சாப்பிடேக்க ஒருத்தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தா ஆருக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கும், ஆனா பிளாஸ்டரைக் கழட்டிடுங்கோ, இனி ஒட்டவும் வேண்டாம், வழக்கெண்டு வந்தா 23 அலாமையும் விட்டிட்டு அந்த ஒரு துண்டு பிளாஸ்டரைத்தான் தூக்கிக் காட்டுவினம். வாகனத்தைப் பூட்டிட்டு வெளியில நிழலா ஒரு இடம் பார்த்து இருந்து சாப்பிடுங்கோ. திங்கள் பின்னேரம் புதுக்கடைக் கோர்ட் பக்கம் இருப்பன், பே ஸ்லிப் ஆறு மாசத்தது, வோர்னிங் லெட்டர், அந்த ஃபோம், டிரிப் எழுதின கொப்பி நாலையும் கொண்டு வாங்கோ, ஜீப்பில வராதீங்கோ.