கம்பெனி பங்கை விற்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெஸ்டிங் (மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும்) பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளத்தோடு, குறிப்பிட்ட காலம் வேலை செய்தபின் நமக்குச் சொந்தமாகும் ஆர்எஸ்யு பங்குகள் தருகிறார்கள். தள்ளுபடி விலையில் பங்கு வாங்கும் இஎஸ்பிபி திட்டமும் இருக்கிறது. இதுவரை ஒரு பங்கைக்கூட விற்றதில்லை. கணக்குப் பார்த்தால் என் சேமிப்பில் முக்கால்வாசி இந்தப் பங்குகள்தான். ஏஐ வந்தால் டெஸ்டிங் வேலையே இருக்காது என்று காலையில் ஒரு செய்தி வருகிறது. அதே ஏஐயால் எங்கள் துறைப் பங்குகள் எங்கோ போகும் என்று மாலையில் இன்னொரு செய்தி. காலையில் எல்லாவற்றையும் விற்றுவிடத் தோன்றுகிறது, மாலையில் இன்னும் வாங்கத் தோன்றுகிறது. அண்ணன் "முதலில் வில்" என்கிறார். முன்பு விற்றவர்கள் இப்போது கையைப் பிசைகிறார்கள் என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு இரண்டும் கம்பெனி தருவதுதான். வீட்டுக் கடனும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காலைச் செய்தி, மாலைச் செய்தி இரண்டுமே பலித்துவிடலாம். ஏஐயால் உங்கள் நிறுவனத்தின் லாபம் கூடலாம். அந்த லாபமே டெஸ்டிங் பிரிவில் ஆள் குறைத்ததால் வந்ததாக இருக்கலாம். இரண்டும் பொய்த்தும் போகலாம். இதில் எது நடக்கும் என்று கண்டுபிடித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக ஒரு பங்கும் விற்கப்படவில்லை.

செய்தியை நம்பி முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் நல்ல உதாரணம். 2021 செப்டம்பரில் 380 டாலர் அளவில் இருந்த அதன் பங்கு, 2022 நவம்பர் தொடக்கத்தில் 90 டாலர் அளவுக்கு வந்து நின்றது. அதே நவம்பர் 9 அன்று 11,000 பேரை வேலையிலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள். கையில் கம்பெனி பங்கை மட்டுமே வைத்திருந்த ஓர் ஊழியருக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சம்பளம் நின்றுபோன நேரத்தில், சேமிப்பு நான்கில் ஒரு பங்காகக் கிடக்கிறது. வாடகைக்கும் கடன் தவணைக்கும் அந்த விலையில்தான் விற்றாக வேண்டும். ஆள்குறைப்பை அறிவித்த அன்று பங்கு விலை ஏறியது என்பது இன்னொரு வேடிக்கை. அடுத்த ஆண்டு முடிவில் அது 350 டாலரைத் தாண்டியிருந்தது. ஆக, அண்ணன் சொல்வதற்கும் இதில் சாட்சி இருக்கிறது, உங்கள் நண்பர்கள் சொல்வதற்கும் இருக்கிறது. அடிமட்டத்தில் விற்றவர்கள் வருத்தப்பட்டார்கள், உண்மைதான். ஆனால் அவர்களில் பலர் ஆசைப்பட்டா விற்றிருப்பார்கள்? வேறு பணம் இல்லாததால் விற்றிருப்பார்கள்.

நீங்கள் அஞ்ச வேண்டியது இந்த நிலைமைக்குத்தான். பங்கு விழுவது பெரிய விஷயமே இல்லை, எல்லாப் பங்கும் ஒரு காலத்தில் விழும். விழுந்த நாளில் விற்றே தீர வேண்டிய நிலையில் நாம் இருக்கக் கூடாது.

சரி, இப்போது உங்கள் ஆர்எஸ்யு கணக்கைத் திறந்து கடைசியாகப் பங்கு வந்த நாளின் விவரத்தைப் பாருங்கள். 100 பங்கு வெஸ்ட் ஆனதாகவும் (அதாவது உங்களுக்கே சொந்தமானதாகவும்), அதில் 30 பங்கோ 35 பங்கோ வரிக்காக விற்கப்பட்டு, மீதி உங்கள் பெயருக்கு வந்ததாகவும் இருக்கும். அல்லது அந்த வரியைச் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். பெரும்பாலான நாடுகளில் வெஸ்ட் ஆகும் அன்றைய மதிப்பு முழுவதும் உங்கள் சம்பளமாகவே கருதப்படும்; வரியும் அந்த விலைக்கே. அதாவது கம்பெனி உங்களுக்கு ஒரு தொகையை போனஸாகத் தந்து, அதே நிமிடம் அந்தத் தொகைக்கு நீங்களே கம்பெனி பங்கு வாங்கியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. எனவே ஒரே ஒரு கேள்வி: இதே தொகை ரொக்கமாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தால், அன்றே முழுவதையும் போட்டு இந்தப் பங்கை வாங்கியிருப்பீர்களா? கடிதத்தில் இருக்கும் பதற்றத்தைப் பார்த்தால் வாங்கியிருக்க மாட்டீர்கள். பின்னே ஏன் வைத்திருக்கிறீர்கள்? தானாக வந்தது, தானாகவே இருக்கிறது, அவ்வளவுதான்.

வெஸ்ட் ஆன அன்றே விற்றால் கூடுதல் வரி ஏறக்குறைய எதுவும் வராது. வாங்கிய விலையும் விற்ற விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வைத்திருந்து விலை விழுந்தால், ஏற்கெனவே உயர்ந்த விலைக்குக் கட்டிய வரியை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். நஷ்டத்தை வேறு லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம், அதுவும் லாபம் இருந்தால். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்டாக் ஆப்ஷன் (முன்பே குறித்த விலையில் கம்பெனி பங்கை வாங்கும் உரிமை) வைத்திருந்த பல ஊழியர்கள் இதைவிட மோசமாக மாட்டினார்கள். ஆப்ஷனைப் பயன்படுத்திப் பங்கை வாங்கி, விற்காமல் வைத்திருந்தார்கள். வாங்கிய நாளின் உயர்ந்த மதிப்புக்கு வரி வந்தது. வரி கட்ட வேண்டிய நேரத்தில் பங்கின் மொத்த மதிப்பே அந்த வரித் தொகையைவிடக் குறைவாக இருந்தது.

ஆகவே என் யோசனை: இனி வெஸ்ட் ஆகும் பங்குகளை வந்தவுடன் விற்றுவிடுங்கள். யோசிக்க வேண்டாம், அன்றைய செய்தியையும் பார்க்க வேண்டாம். நிறுவனத்தின் வளர்ச்சியை இழந்துவிடுவோமோ என்ற பயம் வரும். இன்னும் வெஸ்ட் ஆகாத பங்குகள் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்குமே, அவை எங்கே போகும்? விலை ஏறினால் அவற்றின் மதிப்பும் ஏறும். போதாததற்குச் சம்பளம், பதவி உயர்வு, போனஸ் எல்லாம் அதே நிறுவனத்தை நம்பித்தான். இதற்கு மேலும் கையிலிருக்கும் காசைக் கொண்டுபோய் அங்கேயே வைக்க வேண்டியதில்லை.

சிலர் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்வார்கள்: ஏஐ என் வேலையை எடுத்தால் கம்பெனி பங்கு ஏறும், அது எனக்கு ஈடுகட்டும் என்று. கேட்க அழகாக இருக்கும் வாதம். வேலை போகும் அன்று வெஸ்ட் ஆகாத பங்குகள் பொதுவாகக் காலாவதியாகிவிடும் என்பதை அதில் யாரும் சேர்ப்பதில்லை. ஏஐயால் லாபம் பார்க்கப் போவது உங்கள் நிறுவனமா, அதன் போட்டியாளரா என்பதும் தெரியாது.

பழைய பங்குகளை ஒரே நாளில் விற்கச் சொல்ல மாட்டேன். லாபத்துக்கு வரி இருக்கும். அதைவிட, விற்ற மறுநாள் விலை ஏறினால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும். ஓர் ஆண்டை நான்காகப் பிரித்து, காலாண்டுக்கு ஒரு முறை, இன்ன தேதியில் இத்தனை பங்கு என்று இப்போதே எழுதி வையுங்கள். காலாண்டு முடிவுகள் வெளியாவதற்கு முன் ஊழியர்கள் விற்கக் கூடாது என்று பல நிறுவனங்களில் தடை உண்டு, அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன்: டெஸ்டிங்கில் இருக்கிறீர்கள், ஒரு தயாரிப்பு சொதப்பப் போகிறது என்பது வெளியுலகத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரியவரலாம். அதை வைத்து விற்றால் அது இன்சைடர் டிரேடிங், சிறைவரை போகும் குற்றம். தேதியை முன்கூட்டியே எழுதி வைப்பது இந்த விஷயத்திலும் ஓரளவு உதவும். கடைசியில் மொத்தச் சேமிப்பில் பத்து சதவீதம் அளவுக்குக் கம்பெனி பங்கு இருக்கட்டும். அது நாளைக்குப் பூஜ்யம் ஆனாலும் உங்கள் குடும்பம் தள்ளாடாது.

பூஜ்யம் என்றது பேச்சுக்காக அல்ல. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 90 டாலர் வரை போன, அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் பங்கு, 2001 டிசம்பர் 2 அன்று அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது ஒரு டாலருக்கும் கீழே இருந்தது. ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகவே இருந்தது. நிறுவனம் தன் பங்களிப்பாகப் போட்ட பங்குகளை 50 வயது ஆகும்வரை விற்க முடியாது என்று விதி வேறு. அவர்களுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அந்தத் தடைத் தேதிகளைத் தவிர, உங்கள் பங்குகளை விற்க யாரும் உங்களைத் தடுக்கவில்லை.

இஎஸ்பிபி விஷயத்தில் மட்டும் அண்ணன் பேச்சைக் கேட்க வேண்டாம், அதை நிறுத்தாதீர்கள். வழக்கமான 15 சதவீதத் தள்ளுபடி என்றால், 85 கொடுத்து 100 பெறுமானதை வாங்குகிறீர்கள். போட்ட பணத்துக்கு 17.6 சதவீத லாபம், வரிக்கு முன். ஆறு மாதத் தொடக்க விலை, முடிவு விலை இரண்டில் குறைந்ததற்குத் தள்ளுபடி தரும் திட்டமாக இருந்தால் லாபம் இன்னும் கூடும். சேருங்கள், பங்கு கைக்கு வந்ததும் விற்றுவிடுங்கள். குறிப்பிட்ட காலம் வைத்திருந்தால் வரி குறையும் என்று சில நாடுகளில் சலுகை உண்டு; அதற்காகக் காத்திருக்கும்போது விலை விழுந்தால் சலுகையைவிட நஷ்டம் பெரிதாகிவிடும். ஓய்வுக்கால நிதிக்கு நீங்கள் போடுவதற்கு ஈடாக நிறுவனமும் போடும் என்றால், அதன் உச்சவரம்புவரை போடுங்கள். அதில் யோசிக்க எதுவும் இல்லை.

விற்ற பணம் முதலில் அவசர கால நிதிக்குப் போக வேண்டும். ஆறு மாதச் செலவு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆள்குறைப்பு நடக்கும் துறையில் இருப்பவர், அதுவும் கடன் தவணை உள்ளவர் என்பதால் உங்களுக்கு ஒன்பது மாதம், முடிந்தால் பன்னிரண்டு. வங்கியில் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். கிடக்கட்டும். பிறகு கிரெடிட் கார்டு மாதிரி வட்டி அதிகமான கடன் இருந்தால் அதைத் தீர்த்துவிடுங்கள். வீட்டுக் கடனை அவசரப்பட்டு மொத்தமாக அடைத்துவிட்டுக் கையைக் காலியாக வைத்துக்கொள்வதை நான் விரும்பமாட்டேன். வேலை போன பிறகு வங்கி அந்தப் பணத்தைத் திருப்பித் தராது.

மீதியை, பல துறை நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கும் பரவலான இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். ஏஐ ஃபண்ட், டெக் ஃபண்ட் என்ற பெயரில் வருவது எதுவும் வேண்டாம். கம்பெனி பங்கை விற்றுவிட்டு அதே துறையை வேறு பெயரில் வாங்கியதாகிவிடும். எஸ்&பி 500 (அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் குறியீடு) போன்ற பொதுவான குறியீட்டிலேயே இப்போது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், என்விடியா போன்ற ஏழு பெரிய டெக் நிறுவனங்கள்தான். நீங்கள் தேடிப் போகாமலே டெக் உங்கள் பணத்தில் இருக்கும்.

காப்பீட்டைத் தள்ளிப் போடாதீர்கள். கம்பெனி தரும் காப்பீடு பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு, மிஞ்சிப் போனால் சில வாரங்களில் முடிந்துவிடும். உங்கள் பெயரில் தனியாக ஒரு டெர்ம் இன்ஷூரன்ஸ் (குறித்த காலத்துக்குள் நாம் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), கடன் தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டு எடுங்கள். அரசே மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ளும் நாட்டில் இல்லையென்றால் தனி மருத்துவக் காப்பீடும் வேண்டும். இரண்டையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்தபின் போனால் பிரீமியம் கூடும், காத்திருப்புக் காலம் போடுவார்கள், சில சமயம் தரவே மாட்டார்கள்.

அப்புறம் அந்தச் செய்திகள். ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல், ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் ரேடியாலஜிஸ்டுகளைவிட ஏஐ நன்றாகச் செய்துவிடும், அவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று பேசினார். ஐந்து ஆண்டு, போனால் பத்து ஆண்டு என்று கெடுவும் சொன்னார். இன்றும் பல நாடுகளில் ரேடியாலஜிஸ்டுக்குத் தட்டுப்பாடுதான். ஹின்டன் சாதாரண ஆள் இல்லை, 2024-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். கிளார்னா என்ற ஸ்வீடன் நிறுவனம் 2024-இல், எங்கள் ஏஐ 700 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்தது. அடுத்த ஆண்டே, மனிதர்களை மீண்டும் எடுக்கிறோம் என்றது. பங்கு விலைக்கும் இதே கதைதான். சீனாவின் டீப்சீக் ஏஐ பற்றிய செய்தி பரவிய 2025 ஜனவரி 27 அன்று, ஏஐ சிப் தயாரிக்கும் என்விடியாவின் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. கிட்டத்தட்ட 59,000 கோடி டாலர் மதிப்பு காணாமல் போனது. அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனத்தின் மதிப்பு 4 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

இதனால் உங்கள் வேலைக்கு ஆபத்தே இல்லை என்று அர்த்தம் கொள்ளாதீர்கள். டெஸ்டிங்கில் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை ஏஐ எடுத்துக்கொண்டுதான் வருகிறது. அதைத் தெரிந்துகொள்ளச் செய்தித் தலைப்பு தேவையில்லை, உங்கள் டீமைப் பார்த்தாலே போதும். விலகிப் போனவர்களின் இடத்தை நிரப்புகிறார்களா? புதிதாக எடுப்பவர்களிடம் என்ன கேட்கிறார்கள்? நீங்கள் ஒரு வாரம் செய்த டெஸ்ட் கேஸ்களை இப்போது கருவி எவ்வளவு நேரத்தில் எழுதுகிறது, அதில் எத்தனை உருப்படியாக இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் உங்களிடம்தான் இருக்கிறது, எந்தப் பத்திரிகையிலும் இல்லை. பங்கு விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதியை அந்தக் கருவிகளைக் கற்றுக்கொள்ளச் செலவழித்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

எச்ஆருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பங்கு விற்கத் தடையுள்ள தேதிகள் எவை, வேலையை விட்டால் காப்பீடு எந்த நாள்வரை செல்லும், வெஸ்ட் ஆகாத பங்குகள் என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பங்குகளில் எவற்றை முதலில் விற்றால் வரி குறையும் என்பதை உங்கள் ஊர் வரி ஆலோசகரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர் வாங்கும் கட்டணம், நீங்கள் மிச்சப்படுத்தும் வரியில் பெரும்பாலும் அடங்கிவிடும்.